கரையில் கிடந்த மூன்று புள்ளிகள்

நாகர்கோவிலுக்கு ஒரு வருடம் பஸ்ஸில் போய் வந்து நான் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தேன். அதன் பிறகு எங்கள் கடற்கரையில் கரண்டிலோ பேட்டரியிலோ ஓடுகிற எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் நேராக என் மடிக்குத்தான் வந்தது. ரிமோட், ஸ்டெபிலைசர், துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த டிவிடி பிளேயர், சிம் போட்டதும் அணைந்துபோகும் மொபைல். ஒருமுறை கோவில் பாடல் குழுவின் கீபோர்டைத் தூக்கி வந்து, தானாகத் தாளம் அடிக்கிறது, நிறுத்தித் தா என்றார்கள். திருப்பலி நடுவில் அது டிஸ்கோ அடித்திருக்கிறது. நான் படித்ததோ கடிதம் அடிப்பதும் கட்டம் போட்டுக் கூட்டுவதும். எனக்கு இது தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை மட்டும் எனக்கு வாயில் வராது. சாமானை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி வைத்துவிட்டுப் போங்கள் என்று தலையாட்டிவிடுவேன். பிறகு அது சரியாகிற வரைக்கும் சோறு இறங்காது.

வேலை ஜங்ஷனில் ஒரு பிரவுசிங் சென்டரில். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் நிரப்புவது, பரீட்சை முடிவு பார்த்துச் சொல்வது, விசா தாளைப் பிரிண்ட் எடுப்பது. கரண்ட் போனால் யூபிஎஸ் கீ கீ என்று கத்தும். அந்தச் சத்தத்தோடு எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விடுமோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் திட்டுவாரோ என்றே என் பகல்கள் கழிந்தன. இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, அந்தக் காலம்.

என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான், வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். மூன்று நான்கு நாள் கடலிலேயே தங்கி ஆழத்தில் தூண்டில் போடுகிற வள்ளம். அவரையும் சேர்த்து ஏழு பேர். ஓட்டுவது அவர். ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத பாறைத் திட்டுகள் உண்டு, பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். ஒரு பாரைக் கண்டுபிடித்தால் அந்த இடத்தை ஜிபிஎஸ் மெஷினில் ஒரு புள்ளியாகப் பதிந்து வைப்பார்கள். வடக்குக்கு ஒரு எண், கிழக்குக்கு ஒரு எண். இரண்டு எண்ணும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பாரில் போய் நிற்கலாம். அதனால் யாரும் தன் புள்ளியை இன்னொருவருக்குக் காட்டமாட்டார்கள். கூடப்பிறந்தவனுக்கும் காட்டாதவர்கள் உண்டு.

அத்தானின் மெஷினில் பத்து வருடத்துப் புள்ளிகள் இருந்தன. இருநூற்று அறுபதுக்கு மேல். பெயர் கிடையாது, வெறும் வரிசை எண்தான். எது எந்தப் பார் என்பது அவர் மண்டைக்குள். சில வருடங்களுக்கு முன்பு அந்த மெஷினை ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தபோது, அங்கிருந்தவன் எல்லாப் புள்ளியையும் தாளில் எழுதி எடுத்து நாலைந்து வள்ளக்காரர்களுக்கு விற்றுவிட்டான். வாங்கியவர்கள் ஆசையோடு போய்ப் பார்த்தார்கள். ஒரு புள்ளியிலும் பார் இல்லை. எங்கே தூண்டிலை இறக்கினாலும் வெறும் மணல். அதற்குப் பிறகு ஊரில் அத்தானுக்கு நல்ல பெயர் கிடைத்தது. 'அவனுக்கு நம்பர் குத்தத் தெரியாது, எப்படியோ குருட்டாம்போக்கில போய் மீன் பிடிச்சிட்டு வாறான்' என்று கடற்கரையில் சிரித்தார்கள். அத்தானும் கூடவே சிரித்தார். நானும் அதை நம்பினேன். பள்ளிக்கூடம் தாண்டாத மனிதர், எண்ணைத் தப்பாகத்தான் போடுவார் என்று நினைத்துக்கொண்டேன். டிப்ளமோக்காரியின் திமிர் அது.

அந்த வருடம் ஆனி மாதம் பழைய மெஷின் கிட்டத்தட்ட செத்தது. உப்புக் காற்றில் பட்டன் எல்லாம் இறுகி, தீக்குச்சியால் குத்தினால்தான் அசையும். வள்ளத்தின் பங்குக்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து புதியதை அனுப்பியிருந்தார். கலர் ஸ்கிரீன். கடல் நீலமாகவும் கரை மஞ்சளாகவும் வரைபடமே உள்ளே இருந்தது. பழையதில் அதெல்லாம் இல்லை, கறுப்புப் புள்ளியும் வள்ளத்தைக் காட்டும் ஒரு அம்பும் மட்டும். புதியதை ஒரு டிபன் டப்பாவில் வைத்து அத்தான் என்னிடம் கொண்டுவந்தார்.

"மக்கா, பழசுல உள்ளத ஒக்க இதுல ஏத்தணும். கடைக்காரனுவகிட்ட குடுக்கமாட்டேன். நீதான் செய்யணும்."

நான் தலையாட்டினேன்.

பெட்டியில் ஒரு சிடியும் ஒரு வயரும் இருந்தன. வயர் புதிய மெஷினுக்கு. பழைய மெஷினின் வயரோ, எங்கள் சென்டர் கம்ப்யூட்டரில் எந்த ஓட்டையிலும் நுழையாத தடித்த முனைக்காரன். சாப்ட்வேரைப் போட்டேன். முதலில் பதிவு செய் என்றது. பதிவு செய்யப் போனால் பெட்டியின் அடியில் உள்ள எண்ணைக் கேட்டது. எண்ணைக் கொடுத்தால், இது உங்கள் நாட்டுக்கான மெஷின் அல்ல என்றது. பின்னே எதற்கு எண்ணைக் கேட்டாய் என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் விசாத் தாளுக்குக் காத்திருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் கையால்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அக்கா வீட்டு உள்ளறையில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். அத்தான் பழைய மெஷினைத் தீக்குச்சியால் குத்தி எண்ணை வாசிப்பார், நான் புதியதில் போடுவேன். எண் போடுவதற்கு விசை கிடையாது. மேல் அம்பைத் தட்டித் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறணும். ஒன்பதைத் தாண்டிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சேமிக்காமல் பின்பட்டனில் விரல் பட்டால் போட்டது போச்சு. இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் வெளிச்சம் அணைந்துவிடும். என் கட்டைவிரல் நுனி தடித்துவிட்டது. நான் அவ்வப்போது எண்ணைப் பற்றி ஏதாவது கேட்பேன். அத்தானின் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"நான் சொல்லுகத அப்படியே குத்து. ஒண்ணும் யோசிக்காண்டாம்."

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. யோசிக்கத் தெரியாதவளிடமா கொண்டுவந்தீர்கள் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் ஏற்றி முடித்ததும், அந்தக் கலர்ப் படத்தை எடுத்துவிடச் சொன்னார். புள்ளியும் அம்பும் மட்டும் போதும், படம் பேட்டரியைத் தின்றுவிடும், கண்ணையும் குழப்பும் என்றார். அதற்காக மெஷினை என்னிடம் விட்டுப்போனார். மறுநாள் சென்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் அதை எடுத்தேன். படத்தை அணைக்கும் முன்பு ஒரு தடவை எல்லாப் புள்ளியையும் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. நான் தப்பாகக் குத்தியிருந்தால்? அந்தப் பயம்தான். எனக்கு எதிலும் ஒரு தடவை பார்த்தால் போதாது. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

நீலத்தில் எங்கும் புள்ளிகள். எல்லாம் கடலில். மூன்று மட்டும் கரையில், மஞ்சளில் கிடந்தன. எங்கள் ஊருக்குப் பின்னால், தென்னந்தோப்புக்குள்.

என் தப்பா என்று பார்த்தேன். இல்லை, அத்தான் வாசித்தது அப்படித்தான், எனக்கு நினைவிருந்தது. சரிதான், ஊர் சொன்னது பொய்யில்லை என்று நினைத்தேன். தென்னந்தோப்பில் போய் யார் மீன் பிடிப்பது? மூன்றையும் அம்பால் நகர்த்தி, நேரே முன்னால் கரையோரத் தண்ணீரில் கொண்டுபோய் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. படத்தை அணைத்தேன். அன்று மத்தியானம் அத்தான் அவசரமாக வந்து, டப்பாவை வாங்கிக்கொண்டு அப்படியே கடலுக்குப் போனார். நான் திருத்தியதைச் சொல்லவில்லை. உங்களுக்கு நம்பர் போடத் தெரியாது என்று ஒரு மனிதரை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பெருந்தன்மையாக விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை. அன்று அவர்கள் திரும்பவேண்டிய நாள். விடிந்ததிலிருந்து மழை. மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று கூரையைப் பிடித்து ஆட்டியது. அக்கா அடுக்களையில் மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். நான் சாயா குடித்துக்கொண்டே, ஒரு பெருமைக்காகத்தான், சொன்னேன். "உன் மாப்பிள்ளை மூணு பாயிண்டைத் தோப்புக்குள்ள போட்டு வச்சிருந்தாரு. நான்தான் வெள்ளத்துல எடுத்து வச்சேன்."

அக்காவின் கத்தி நின்றது.

"எந்த மூணு?"

"தெரியாது. கரையில கெடந்துது."

"ஏட்டி, மாத்தினியா? நீயா மாத்தினியா?"

அக்கா எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். அத்தான் எந்தப் புள்ளியையும் உள்ளபடி போடுவதில்லை. வடக்கு எண்ணில் ஒன்றைக் கூட்டித்தான் போடுவார். அந்த ஒன்று கடலில் ஒரு மைல். மெஷின் காட்டுகிற இடத்துக்கு ஒரு மைல் தெற்கே போனால்தான் உண்மையான இடம். திருடி எடுத்தவனுக்கு மணல்தான் கிடைக்கும். எங்கள் ஊருக்கு வடக்கே கரை, தெற்கே கடல். அதனால் கரைக்குப் பக்கத்தில் உள்ள இடங்கள் மட்டும் படத்தில் கரைமேல் ஏறிவிடும். படமில்லாத பழைய மெஷினில் அது யாருக்கும் தெரிந்ததில்லை.

"கரைக்குப் பக்கத்துல நம்ம ஆளுவ எதைக் குறிச்சு வைப்பான்? துறைமுக வாசல், நங்கூரம் போடுக எடம், பின்ன..."

"கல்லு," என்றேன் நான்.

எங்கள் ஊருக்கு முன்னால் அரை மைலில், தண்ணீருக்கு ஒரு முழம் கீழே ஒரு கல் இருக்கிறது. தெளிந்த நாளில் அலை உடைவதைப் பார்த்தே விலகிவிடுவார்கள். கச்சான் நாளில் கடல் எங்கும் உடையும், கல் எது அலை எது என்று தெரியாது. மழை இறங்கினால் கரையும் தெரியாது. அப்போது மெஷினைப் பார்த்துத்தான் வருவார்கள். என் சிறுவயதில் அதில் மோதி ஒரு வள்ளம் இரண்டாகப் பிளந்தது. எத்தனை சவப்பெட்டி கோவிலுக்கு வந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது.

நான் கல்லின் புள்ளியைத் தண்ணீரில் வைத்திருந்தேன். அத்தான் அதைப் பார்த்து, வழக்கப்படி, இதற்கு ஒரு மைல் தெற்கே கல் இருக்கிறது என்று கணக்குப் போடுவார். நடுக்கடலில் இல்லாத ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு, இனிப் பயமில்லை என்று உள்ளே திரும்புவார். அங்கேதான் கல் இருக்கும். வள்ளத்தில் ஏழு பேர்.

அத்தானின் மொபைலுக்கு அடித்தேன், கேரளா சிம். மலையாளத்தில் ஒரு பெண் பரிதிக்குப் புறத்தாணு, எல்லைக்கு வெளியே இருக்கிறார், என்றாள். மறுபடி அடித்தேன். மறுபடியும் அவளே. எத்தனை தடவை என்று தெரியாது. அவள் குரலில் ஒரு பதற்றமும் கிடையாது, எல்லாத் தடவையும் அதே இனிமை. போனைச் சுவரில் எறியலாம் போல வந்தது. அதற்குள் அக்கா அலமாரியிலிருந்து பழைய மெஷினை எடுத்துவந்தாள். அதில் அந்த மூன்றின் வரிசை எண் கிடைத்தால், அதைமட்டும் சொல்லிவிடலாம். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். ஸ்கிரீன் ஒருமுறை வெளுத்து, இரண்டு கோடு காட்டி, அணைந்தது. தட்டினேன், துடைத்தேன், ஊதினேன். அவ்வளவுதான்.

சங்கக் கட்டிடத்தில் ஒரு வயர்லெஸ் இருந்தது. கரையிலிருந்து வள்ளங்களோடு பேசுவதற்கு. அக்காவும் நானும் மழையில் ஓடினோம். ஓடும்போதே அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கரையில கெடந்துதுன்னு மட்டும் சொல்லிராத. வயர்லெஸ்ல பறஞ்சா எல்லா வள்ளமும் கேக்கும்."

எனக்குப் புரிந்தது. திருடிய தாள்கள் இன்னும் நாலைந்து வீட்டில் கிடக்கின்றன. மூன்று புள்ளி கரையில் விழுகிறது என்று தெரிந்தால் போதும். கரையோரம் அப்படிக் குறித்து வைக்க மூன்றே இடம்தான் உண்டு, அவை எங்கே என்று ஊருக்கே தெரியும். தாளில் உள்ளதையும் நேரில் உள்ளதையும் வைத்துப் பார்த்தால் ஒரு மைல் கணக்கு வெளியே வந்துவிடும். மணல் என்று நினைத்துத் தூக்கிப்போட்ட இருநூற்றுச் சொச்சம் எண்களும் ஒரே நாளில் பாராகிவிடும். அக்கா வீட்டின் பத்து வருடச் சோறு அது.

வயர்லெஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர் காலில் அடிபட்டுக் கடலுக்குப் போகாமல் நின்றுவிட்ட ஒரு பெரியவர். மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் பத்துப் பேராவது அறையில் இருந்தார்கள். அவர் வள்ளத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அத்தானின் குரல் துண்டு துண்டாக வந்தது. துறைக்கு இன்னும் அரை மணிக்கூர் ஓட்டம், கரை தெரியவில்லை, மெஷினைப் பார்த்து வருகிறேன் என்றார்.

பெரியவர் மைக்கை என்னிடம் தந்தார். அழுத்திப் பிடித்தால்தான் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். அவசரத்தில் பாதிப் பேச்சை அழுத்தாமலே பேசிவிட்டேன்.

"அத்தான், நான்தான். மெஷின்ல மூணு பாயிண்டை நான் மாத்திட்டேன்."

"எது?"

"நம்பர் தெரியாது அத்தான்."

இரைச்சல். பிறகு, "எந்த மூணு? எதுக்கு மாத்தின?"

எதுக்கு மாத்தின. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. கல் என்று மட்டும் சொன்னாலும், பெயரில்லாத புள்ளி கல் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், அதற்கும் அதே பதில்தான். நான் மைக்கைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தேன். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு எப்படியாவது சொல்லிவிட முடியுமா என்று தேடினேன். ஊரில் இத்தனை மெஷினுக்கு வைத்தியம் பார்த்தவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நான் செத்துப்போனால் தேவலை என்று அந்த இடத்தில் நினைத்தேன். அது மிகையல்ல.

அக்கா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் அதற்குமுன் அதைத் தொட்டதே கிடையாது.

"நான் பறயுகேன். படத்துல கரையில கெடந்துதாம், அதனால வெள்ளத்துல எடுத்து வச்சிட்டா. கல்லையும் மாத்திட்டா. வாசலையும் மாத்திட்டா. அதுல நம்ம ஒரு மைல் கணக்கு பாக்காண்டாம். கேட்டுதா? மெஷினை நம்பாண்டாம்."

கணக்கையே சொல்லிவிட்டாள். நான் சுற்றி வளைத்துத் தேடிக்கொண்டிருந்ததை அவள் நாலு வார்த்தையில் ஊருக்கே கொடுத்துவிட்டாள்.

பதில் வருவதற்குள் நான் அருள்நிறை மரியே பாதி சொன்னேன், மீதி மறந்துபோயிற்று.

"கேட்டாச்சு," என்றார் அத்தான். "எஞ்சினைக் கொறச்சாச்சு."

பிறகு வேறொரு குரல் உள்ளே வந்தது. எங்கள் ஊர் வள்ளக்காரர்தான். அந்தத் தாளை வாங்கி, மணலில் தூண்டில் போட்டு, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர். "அண்ணே, நான் இப்பத்தான் கல்லைத் தாண்டி வந்தேன். திரும்பிப் போய் அதுக்குக் கெழக்கால நிக்குகேன். லைட்டு போட்டு வைக்குகேன். நீ பைய வா." அந்த மழையில், அந்தக் காற்றில், கரைக்கு வந்துவிட்ட வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

பத்து மணி சுமாருக்கு இரண்டு வள்ளமும் ஒன்றன் பின் ஒன்றாகத் துறைக்குள் வந்தன. நான் கிட்டே போகவில்லை. தூரத்திலிருந்து தலைகளை எண்ணினேன். ஏழு. மறுபடியும் எண்ணினேன். அத்தான் இறங்கி, என்னைப் பார்த்து, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் அவருடைய பாரில் வேறு வள்ளங்கள் நின்றன. முதலில் ஒன்று, பிறகு மூன்று. முதலில் நின்றது கல்லுக்குப் பக்கத்தில் லைட் போட்டுக் காத்திருந்தவருடையது. அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனிதனா என்று அக்கா வீட்டு முற்றத்தில் நின்று கத்தினேன். அத்தான் தூண்டில் கயிற்றை முடிந்துகொண்டே, "அவன் அன்னைக்கு நின்னாம்லா," என்றார். அந்த வருடம் அவர்களுக்கு மீன் குறைந்தது. கிறிஸ்மஸுக்கு அக்கா புதுச்சேலை எடுக்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று அவளாகவே சொன்னாள். எனக்குத்தான் தெரியும் ஏன் என்று.

நான் அந்த மாதங்களில் யாருடைய சாமானையும் தொடவில்லை. மொபைலைக் கொண்டுவந்தால், தெரியாது, கடையில் கொடுங்கள் என்றேன். அந்த வார்த்தை இப்போது சுலபமாக வந்தது. சென்டரில் ஒரு விண்ணப்பம் நிரப்பினால் அதற்கு உரியவரிடம் நாலு தடவை வாசித்துக் காட்டினேன். பிறந்த தேதி தப்பாக இருக்கிறதே என்று தோன்றினாலும் திருத்தமாட்டேன், கேட்பேன். எரிச்சலோடு சான்றிதழைத் தூக்கிக் காட்டுவார்கள். காட்டட்டும் என்று இருந்தேன்.

மறு வருடம், தவக்காலம் என்று நினைக்கிறேன், ஒரு மத்தியானம் அத்தான் சென்டருக்கு வந்தார். கையில் அதே மெஷின். அவரைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். இதைத் தொடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இரு," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூரத்தில், வேறு பக்கம், புதிதாகச் சில பார்கள் கிடைத்திருப்பதாகச் சொன்னார். பழையது போனது போகட்டும், இதைப் புதுக் கணக்கில் போட வேண்டும் என்றார். பிறகு யாரும் இல்லையா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். எந்த எண்ணில், எவ்வளவு, கூட்டுவதா கழிப்பதா என்று.

"வேண்டாம் அத்தான். எனக்குச் சொல்லாண்டாம். நீங்க வாசிங்க, நான் அப்படியே குத்துகேன். ஒண்ணும் யோசிக்கமாட்டேன்."

அத்தான் மெஷினை என் மேசையில் வைத்தார்.

"போன தடவை சொல்லாம விட்டது நான்தான் மக்கா. நீ தெரிஞ்சிருக்கணும். வள்ளத்துல ஏழு பேரு இருக்கான்."